அவராச்சன் வீட்டுக்கு ஓர் அப்பம்

குஞ்சேலிக்கு ஊரில் எல்லோரையும் பிடிக்கும், இடப்பக்கத்து வீட்டு அவராச்சனைத் தவிர. "உன்னைப்போல் உன் அயலானையும் நேசி" என்று கோயிலில் அச்சன் பிரசங்கம் செய்யும்போதெல்லாம், அந்த அயலான் வலப்பக்கத்து வீட்டு சரோஜினிதான் என்று மனசுக்குள் தீர்த்துக்கொள்வாள்.

சண்டை ஆட்டால் வந்தது. அவராச்சனின் ஆடு அவளுடைய பயற்றங்கொடியை வேரோடு மேய்ந்தது. அவள் கொட்டாங்கச்சியால் எறிந்தாள். அவன் ரோட்டில் நின்று, "இது பொம்பளையா, பூதமா?" என்று கத்தினான். அதோடு பேச்சு நின்றது. மழைக்காலத்தில் அவன் மனைவி திரேசியா இறந்தபோது, குஞ்சேலி போய் வாய்விட்டு அழுதாள். அவனிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரிய வியாழன் சாயங்காலம். இயேசுவின் கடைசி இராவுணவை நினைத்து வீட்டுக்கு வீடு பிட்டுத் தின்னும் பெசகா அப்பம் ஆவியில் வெந்துகொண்டிருந்தது. கணவன் குருவிளா தேங்காய் திருகிக்கொண்டிருந்தான்.

"அவராச்சன் வீட்ல இந்த வருஷம் அப்பம் அவிக்கக் கூடாதே. சாவு நடந்த வீட்டுக்கு அக்கம்பக்கம்தானே கொண்டுபோய்க் குடுக்கணும்?" என்றான்.

"அவன் தங்கச்சி குடுப்பா. இல்லைன்னா எதிர்ல வர்கி வீட்ல குடுப்பாங்க."

"வர்கி வீட்லயும் நாம குடுப்போம்னுதான் சொல்லிட்டிருப்பாங்க."

"நீங்க தேங்காயைத் திருகுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, கண் சன்னலுக்குப் போனது. அவராச்சன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். சட்டை போட்டிருந்தான்! கோயிலுக்கும் கல்லறைக்கும் தவிர எதற்கும் சட்டை போடாத மனுஷன், தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தான். பாதையில் காலடிச் சத்தம் கேட்டால் நிமிர்வான். ஆள் கடந்து போனதும், ஆட்டுக்குத் தழை கொடுக்கத்தான் உட்கார்ந்தவன்போல ஒரு பலா இலையை நீட்டுவான். ஆடே தின்று சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குஞ்சேலி அடுப்பிலிருந்து அப்பத்தை இறக்கினாள். "இந்த மனுஷன் சட்டையைப் போட்டு என் உயிரை வாங்குறானே!" என்று முணுமுணுத்தபடி, குருத்தோலைச் சிலுவை வைத்த அப்பத்தை வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அவராச்சன் அவளைப் பார்த்ததும் ஆட்டைப் பார்த்தான்.

"எதுக்கு இது? பத்து வீட்லேர்ந்து வந்தாச்சு. வைக்க இடமில்ல."

"அப்படியா? அப்போ நான் திரும்பக் கொண்டுபோறேன்."

"கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோறது எந்த ஊர் மரியாதை?"

அவனுக்குப் பின்னால் ஒரே ஒரு தட்டுதான், கழுவித் துடைத்து பெஞ்சில் கவிழ்ந்து கிடந்தது. குஞ்சேலி அதைப் பார்த்தாள்.

"தனியா உட்கார்ந்து யாருக்குப் பிட்டுக் குடுப்பீங்க, ஆட்டுக்கா? எழுந்து வாங்க சேட்டா, நம்ம வீட்டுக்கு."

"நான் உன்னைப் பூதம்னு சொன்னவன்."

"பூதம்தான் கூப்பிடுது. வாங்க."

வந்தான். ஜெபம் முடிந்ததும், மூத்தவர்தான் அப்பம் வெட்டவேண்டும் என்று குருவிளா கத்தியை நீட்டினான். "உன்னைவிட நான் என்ன மூப்பு? உன் நரையைப் பாரு!" என்று அவராச்சன் மல்லுக்கு நின்றான். பிறகு வெட்டினான். முதல் துண்டை எடுத்த கை, பழக்கத்தில், யாருமில்லாத இடப்பக்கம் நீண்டு அப்படியே நின்றுவிட்டது.

குஞ்சேலி எழுந்து, அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்து, "இங்க குடுங்க" என்று கையை ஏந்தினாள்.

கொடுத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெல்லம் கரைத்த தேங்காய்ப்பாலில் அப்பத்தைத் தோய்த்து வாயில் போட்டான்.

"பால்ல சுக்கு பத்தல. திரேசியா இன்னும் கொஞ்சம் போடுவா."

வந்து உட்கார்ந்ததும் குறை சொல்கிறான்! பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குஞ்சேலி அதை அப்பத்தோடு சேர்த்து விழுங்கினாள்.

"வேற என்ன போடுவா? சொல்லுங்க, கேக்குறேன்."

அவராச்சன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். பால் ஆறி ஆடை கட்டிய பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தான்.