அறுபத்தொன்றாவது திருத்தம்

மாநிலச் சட்டமன்றத்தில் இரண்டு நாள் நடந்த வாக்கெடுப்பில் செத்துப்போனவர்கள் அறுபது பேர் வந்து வாக்களித்தார்கள். அதற்குக் காரணம் திவாகரன். கட்சி எதுவும் இல்லாமல் தனியாக நின்று ஜெயித்தவர். ஆகவே மன்றத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி. சுங்கை பெசார் ஊரில் அவர் இருந்த வாடகை வீட்டிலும் அதே கதைதான். மனைவி விமலா இறந்து நாலு வருடமாகிறது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று இவர் சபாக் பட்டணத்தில் மேடையில் நின்று, தோட்ட மக்களுக்கு வீடு வேண்டும் என்று தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார். பாதியில் ஒருவன் வந்து, அவள் நிலைமை மோசம் என்று காதோடு சொன்னான். “மிச்சத்த முடிச்சிட்டு வந்துடுறேன்” என்றார். பேச்சு நன்றாக இருந்ததாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தபோது விமலா இல்லை. அன்றிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டு, அதையே கழுவிக் கவிழ்த்து வைக்கிற வாழ்க்கை.

முன்னாள் தோட்டத் தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் மசோதா வந்தபோது, பட்டியலில் அவர் குடியிருந்த பதினேழாங்கட்டை ரப்பர் தோட்டம் இல்லை. தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபட்டு, பெயர்ப் பதிவேடு வெள்ளத்தோடு போயிருந்தது. பெயரே இல்லாதவர்களுக்கு எப்படி வீடு கொடுப்பது என்று கேட்டார்கள். திவாகரன் லேசில் விடுகிற ஆளில்லை. அறுபத்தொரு குடும்பங்களை நினைவிலிருந்து எழுதி, குடும்பத்துக்கு ஒன்றாக அறுபத்தொரு திருத்தங்கள் கொடுத்தார். தோட்டத்தில் பேர் பதிந்தவர் பெயரில்தான் திருத்தம். அவர்கள் அத்தனை பேரும் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் வாடகைக்கு இருந்தார்கள். திவாகரன் வெளியே லோரி ஓட்டியவர், பால் வெட்டியது விமலாதான். ஆகவே அவர் வீட்டுக்கு அவள் பெயர். தன் வீட்டை முன்னால் வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அதைக் கடைசியில் வைத்தார்.

முதல் நாள் காலை மன்ற எழுத்தர் ஜெனட், “சின்னையா” என்று முதல் பெயரை வாசித்தார். “வந்தாச்சு” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும் விடிகாலைப் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடும்போது தோட்டத்தில் சொல்கிற பதில் அது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் செத்த சின்னையா அரைக்கால் சட்டையோடு நின்றார். காவலர் தொப்பியைக் கழற்றச் சொன்னார், கழற்றிக்கொண்டார். சபாநாயகர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கதவு சாத்தும்போது உள்ளே இருப்பவர்களின் கை எண்ணப்படும் என்று இருந்ததே தவிர, உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. திவாகரன், சின்னையா என ஆதரவு இரண்டு, எதிர்ப்பு நாற்பது. தோற்றது. மறுபடி மணி அடித்து, கதவைச் சாத்தி, அடுத்த பெயர். ஆதரவு மூன்று. உறுப்பினர்கள் கொட்டாவி விட்டார்கள். ரப்பர் பால் வாடை தாங்கவில்லை என்று ஒருவர் ஆட்சேபம் எழுப்பினார். நாற்பதாவது பெயரில் நாற்பத்தொன்றுக்கு நாற்பது என்று திருத்தம் ஜெயித்தது. அடுத்தடுத்து வந்தவையும் ஜெயித்தன. மறுநாள், முன்பு தோற்ற முப்பத்தொன்பதையும் திரும்ப எடுத்துக்கொண்டு அவற்றையும் நிறைவேற்றினார்கள்; கடைசிப் பெயர் மட்டும் மிச்சம்.

திவாகரனுக்கு அதற்குள் மசோதாவே மறந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார வந்தவர்களை எல்லாம், “ஆள் வருது லா” என்று பின்னால் அனுப்பினார். நடுவில் போய் முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு வந்தார். மேடையிலிருந்து இறங்கி வராததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஜெனட், “விமலா” என்று வாசித்தார். பதில் இல்லை. இன்னொரு முறை வாசித்தார். “வந்தாச்சு” என்று திவாகரனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பெரட்டில் ஒரு வழக்கம் உண்டு. வராத ஆளுக்குப் பக்கத்து வீட்டார் பதில் கொடுத்தால் மண்டோர் கண்டுகொள்ள மாட்டார். ஒரே வீட்டு ஆள் கொடுக்கக் கூடாது. மூன்றாவது முறை வாசித்தபோது, பின்வரிசையில் செத்தவர்களோடு இருந்த, தோட்டத்துப் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி, “வந்தாச்சு” என்றாள்.

திவாகரன் திரும்பிப் பார்த்தார்.

“விமலாக்கா வரல அண்ணே. வேல இருக்காம். பேர மட்டும் குடுத்துடச் சொன்னாங்க.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“இல்லண்ணே.”

அறுபத்தொன்றுக்கு நாற்பது. திருத்தம் நிறைவேறியது. தேநீர் இடைவேளையில் சின்னையாவும் மற்றவர்களும் போய்விட்டார்கள். துப்புரவுப் பணியாளர் வந்து நாற்காலிகளில் ஒட்டியிருந்த பாலைச் சுரண்டி எடுத்தார். திவாகரன் எழுத்தர் மேசைக்குப் போய், கடைசிப் பெயரை இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டார். நிறைவேறிய திருத்தத்தைத் திரும்ப வாசிக்க விதியில் இடமில்லை. ஜெனட் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு வாசித்தார். இருவரும் கதவைப் பார்த்தார்கள்; யாரும் வரவில்லை.

“இவங்க பேருக்கு நேரா என்னான்னு எழுதுறது, ஒய்பி?” உறுப்பினர்களை ஜெனட் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்.

“வந்ததாவே எழுதிடும்மா” என்றார் திவாகரன்.

ஜெனட் அப்படியே எழுதினார். அவைக்குறிப்பு அச்சாகி எல்லா உறுப்பினர்களுக்கும் போனது; யாரும் ஆட்சேபிக்கவில்லை.