மாமனாரின் கைமருந்து

கல்யாணப் பரிசாகக் குவினுக்கு மாமனார் ஒரு ரைபிள் கொடுத்தார். கூடவே, தன் உயிர் இருக்கும்வரை அதற்கு வேண்டிய தோட்டாவைத் தானே செய்து தருவதாக வாக்கும் கொடுத்தார். ரைபிளை வேண்டுமானால் விற்றுவிடலாம். வாக்கை யார் வாங்குவார்கள்?

மாமனார் எல்டன் கடையில் தோட்டா வாங்குகிற ஆள் இல்லை. சுட்டு முடித்த காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவித் துடைத்து, வெடிமருந்தை அளந்து போட்டு, புதுக் குண்டைச் செருகி, காரேஜில் அவரே தயாரிப்பார். கடைத் தோட்டா வாங்குகிறவன் ஏமாளி என்பது அவர் கட்சி. இந்தச் சிக்கனத்துக்காக வாங்கிப் போட்ட இயந்திரங்களும் தராசுகளும் மருந்து டப்பாக்களும் பெருகி, காரேஜிலிருந்து காரை வெளியேற்றிவிட்டன. கார் அமெரிக்காவின் வயோமிங் பனியில் நின்று துருப்பிடித்தது. சிக்கனம் உள்ளே ஹீட்டர் போட்டுக்கொண்டு சுகமாக இருந்தது.

தோட்டாக்கள் அருமையானவைதான், எல்டனின் ரைபிளில். அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதே சட்டையை அவர் குவினின் ரைபிளுக்கும் போட்டுவிட்டார். குவின் சுட்டால் குண்டுகள், கல்யாண வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு மூலைக்குப் போயின.

போன வருஷம் அது குறிபார்த்துப் பழகும் அட்டையில் நடக்கவில்லை, உயிரில் நடந்தது. இரலை மானை அந்த ஊரில் ஆடு என்றுதான் சொல்வார்கள்; மற்றதுதான் மான். குவின் ஒரு பெட்டை ஆட்டின் நெஞ்சைக் குறிவைத்தான். குண்டு பின்னங்காலில் பட்டது. அது மூன்று காலில் ஓடியது. மதியம்வரை ரத்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்துத் துரத்தி, கடைசியில் வேலியோரம் கண்டுபிடித்தபோது அது உட்கார்ந்திருந்தது. அவனைத்தான் பார்த்தது. அதன்பிறகு வீட்டில் அவனுக்குப் பெயர் கால் டாக்டர். பெயரைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பார்வையை இன்னொரு முறை பொறுத்துக்கொள்ள முடியாது என்பது மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "மாமா, இந்தத் தோட்டா என் ரைபிளுக்கு ஒத்துவரலையோன்னு ஒரு சந்தேகம்."

எல்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "தோட்டா நான் செஞ்சது. ரைபிள் நான் குடுத்தது. மிச்சம் இருக்கறது யாரு மாப்ளே?"

அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ்வரை அவர் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகள் டார்லா வழியாகத்தான் கேட்டார். குவின் குடியிருந்தது அவர் வீட்டின் கீழ்த்தளத்தில். வேலை பார்த்தது அவருடைய டயர் கடையில். பேசாத ஆளோடு காலை முதல் இரவுவரை ஒன்றாக இருப்பது எப்படி என்று அந்தக் குளிர்காலத்தில் அவன் கற்றுக்கொண்டான்.

இந்த வருஷம் வேட்டை சீசனுக்கு முன்பு, டயர் டெலிவரி என்று சொல்லிவிட்டு இரண்டு ஊர் தள்ளிப் போய், தோட்டாவும் விற்கும் ஒரு தீவனக் கடையில் நின்றான். கவுன்டரில் மர்லீன் என்று சட்டையில் பெயர் குத்திய அம்மா இருந்தாள்.

"ஆட்டுக்கும் மானுக்கும் ஒரே தோட்டாவா வேணும். வெலை கம்மியா," என்றான் குவின், குரலைத் தாழ்த்தி.

அவள் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் தங்க எழுத்து. இன்னொன்று சாதா அட்டை.

"தங்க எழுத்து, கரடி சுடப் போறவங்களுக்கு. இல்லாட்டி கரடி சுட்டதா கதை விடறவங்களுக்கு. உனக்கு இந்தச் சாதாவே தாராளம். குண்டு மூக்குல ஈயம் தெரியுது பாரு, மேல பட்டா விரியும், ஆடு அங்கயே விழும். ஆனா இதையே வாங்கு, இதுலயே குறி சரிபண்ணு, நடுவுல மாத்தாத."

"சரிங்க."

"நீ எல்டன் மருமகன்தானே? அவரு கையால செஞ்சே தருவாரே. குடுத்து வெச்சவன்பா நீ."

குவின் வாசலைப் பார்த்தான்.

"ஓடாத," என்றாள் மர்லீன், பெட்டியைக் காகிதப் பையில் போட்டு மேலே நாய் பிஸ்கட்டை வைத்தபடி. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன்ன மாதிரி நாலஞ்சு மருமகனுங்க இங்கதான் வர்றானுங்க."

மறுநாள் ஊருக்கு வெளியே, ஜல்லி எடுத்த கிராவல் குழியில் தனியாகச் சுட்டுப் பார்த்தான். குண்டுகள் ஒரு காப்பிக் கோப்பை மூடிக்குள் ஒன்றாக அடங்கின. குறிபார்க்கும் ஸ்கோப்பை அதற்கேற்பத் திருகி வைத்தான். பல மாதங்களுக்குப் பிறகு அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். ஆனால் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. எல்டன் தான் செய்யும் ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும், ஈரம் ஏறாமலிருக்க, சிவப்பு நெயில் பாலிஷ் பூசுவார். சுட்ட பிறகு காலிக் கூட்டை அவரே வாங்கிப் பார்ப்பார்.

குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு குவின் கடைத் தோட்டாக்களின் அடியில் பூசிக்கொண்டிருந்தபோது டார்லா கதவைத் தட்டினாள். திறந்தான். அவள் தோட்டாவைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள்.

"இது என்னோட நல்ல பாலிஷ்."

"உங்கப்பாவும் இதத்தானே எடுக்கறாரு."

"அதான் எனக்கு எப்பவுமே மிஞ்சறதில்ல. பேசாம அப்பாகிட்ட சொல்லிடேன்."

"நீ சொல்லேன்."

"நான் இந்த வீட்லயே பொறந்தவ," என்றாள் டார்லா. "எனக்குப் புத்தி இருக்கு." கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனாள்.

சீசன் தொடங்கிய அன்று காலையில் மாமனாரும் மருமகனும் எல்டனின் நண்பருடைய பண்ணையில், முழங்கால் உயரப் புதர்களுக்கு நடுவே, ஆரஞ்சு நிறச் சட்டையோடு வயிற்றால் ஊர்ந்தார்கள். காற்று கண்ணில் மண்ணை வாரியது. மேட்டுக்கு அப்பால் பத்துப் பதினைந்து ஆடுகள் மேய்ந்தன. குவின் ஒரு பெட்டையைத் தேர்ந்தெடுத்து, நிதானித்து, சுட்டான். அது நின்ற இடத்திலேயே சாய்ந்தது. ஓர் உதறல்கூட இல்லை. கூட்டம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது.

குவினுக்குக் கண் கலங்கியது. காற்று என்று வைத்துக்கொண்டான்.

எல்டன் காலிக் கூட்டைப் பொறுக்கினார். கண்ணாடி வண்டியில் இருந்ததால் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு தெரிந்தது. முத்தைக் கண்டெடுத்தவர்போல அதைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"என்ன மாப்ளே. ஒத்துவரல, சந்தேகம், அது இதுன்னியே."

"தப்புத்தான் மாமா."

"தப்புன்னு ஒத்துக்கறது பெரிய விஷயம்." அவர் முகம் அப்படி மலர்ந்து குவின் பார்த்ததில்லை. "ஒங்கிட்ட இன்னொரு ஆட்டுக்கும் பர்மிட் இருக்கில்ல?"

இருந்தது. இந்த ஆடுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஓடிய பிறகு, எதற்கு ஓடினோம் என்று தெரிந்துகொள்ளத் திரும்பி வரும். திரும்பி வந்து எதிர்ச் சரிவில் வரிசையாக நின்றன. எல்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தார். அடியில் அசல் சிவப்பு.

"போன வாரம் செஞ்சது. புது மருந்து. உனக்குன்னே தனியா அளந்தேன். இத உள்ள போட்டு சுடு."

"ஒண்ணு போதுமே மாமா."

"எது போதும்? குளிர்காலம் ஆறு மாசம்."

"அப்ப நீங்க சுடுங்களேன். உங்க கை..."

"பர்மிட் உன் பேர்ல இருக்கு. சட்டத்த மீறினா இந்த எல்டன் ராத்திரி தூங்குவானா?" அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டார். "ம்."

குவின் அந்தத் தோட்டாவை உள்ளே வைத்தான். அவன் ரைபிளில் அது சும்மாவே ஊர் சுற்றும். இப்போது ஸ்கோப்பையும் வேறு தோட்டாவுக்காகத் திருகியாகிவிட்டது. எங்கே போய்ப் படும் என்று செய்தவருக்கும் தெரியாது, சுடுகிறவனுக்கும் தெரியாது.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சுட்டுட்டுச் சொல்லு. நிக்குது பாரு."

ஸ்கோப்பில் ஒரு பெட்டை தெரிந்தது. காதை விறைத்துக்கொண்டு நேரே இவன் பக்கம்தான் பார்த்தது. குவின் அதன் கால்களைப் பார்த்தான். பிறகு குழலை மெல்ல நகர்த்தினான். கூட்டத்தின் கடைசி ஆட்டையும் தாண்டி, அதற்குப் பக்கத்துப் புதரையும் தாண்டி, யாருக்கும் வேண்டாத ஒரு வெற்றுச் சரிவின்மேல் கொண்டுபோய் நிறுத்தினான். அந்த மண்ணை மிகுந்த கவனத்துடன் சுட்டான்.

புழுதி எழுந்தது. ஆடுகள் ஓடின. அவை மேடு ஏறி மறையும்வரை அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் நாலு காலில் ஓடின.

எல்டன் வெகுநேரம் பைனாகுலரை இறக்கவில்லை.

"எதப் பாத்து மாப்ளே சுட்ட?"

"ஆட்டத்தான் மாமா."

"குண்டு ஆடு நின்ன ஜில்லாலயே விழல."

"கை ஆடிருச்சு."

"ஆக, மொத தடவ சுட்டது என் தோட்டா," என்றார் எல்டன் மெதுவாக. "ரெண்டாவது தடவதான் நீ சுட்டிருக்க."

திட்டுவார் என்று குவின் காத்திருந்தான். திட்டியிருந்தால் சொல்லிவிட்டிருப்பான். எல்டன் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். பெற்ற அப்பன் கை மாதிரி இருந்தது அது. நல்ல கனம்.

"மனசு விட்றாத. மான் சீசனுக்கு இன்னும் நாள் இருக்கு. தெனம் கடைய சாத்திட்டு நானும் உன்கூடக் கிராவல் குழிக்கு வர்றேன். தோட்டாவப் பத்திக் கவலப்படாத, எவ்வளவு வேணாலும் செஞ்சு தர்றேன். உன் கோளாறு என்னன்னு நான் பாத்துட்டேன்."

"என்ன மாமா?"

"உனக்கு மூச்சு விடவே தெரியல."

இத்தனை வருஷத்தில் அவர் சரியாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான் என்று குவினுக்குப் பட்டது. கத்தியை எடுத்துக்கொண்டு, ஆடு கிடந்த இடத்துக்கு நடந்தான். எல்டன் எப்படி மூச்சை இழுக்க வேண்டும் என்று விளக்கியபடியே பின்னால் வந்தார்.