முழங்கால் சம்பந்தம்

டைல்ஸ் மேஸ்திரியை எல்லோரும் ‘ரசமட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்ப்பதற்கு முன்பே, தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். முப்பது வருடம் முழங்காலை ஊன்றித் தவழ்ந்து செய்த தொழில். ஐம்பத்தைந்து வயதில் வலது முழங்கால் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. படி இறங்கினால் வலி; உட்கார்ந்து எழுந்தால் பழைய கதவு போல ஒரு சத்தம். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டார். மகள்தான் ஒருநாள் அவர் படிக்கட்டில் பக்கவாட்டாக நண்டு மாதிரி இறங்குவதைப் பார்த்துவிட்டு, கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். “உள்பக்கம் குருத்தெலும்பு தேஞ்சிருக்கு.”

“மூட்டை மாத்தணுமா?” மேஸ்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பேச்சே இப்ப வேண்டாம். இருக்கிற மூட்டைக் காப்பாத்தப் பார்ப்போம். எடையைக் குறைக்கணும், தொடைத் தசையை பலப்படுத்தணும், முழங்காலை ஊன்றி வேலை செய்யக் கூடாது. வலிக்குத் தடவ மருந்து தரேன். மிச்சமெல்லாம் உங்க கையில. இல்ல, கால்ல.”

செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை. முதல் நாள் அந்த அறைக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுவரோரம் பிடித்து நடக்க ஒரு கம்பி, நகராத சைக்கிள் ஒன்று, கொக்கியில் தொங்கும் ரப்பர் பட்டைகள். நடுவில் ஒரு கட்டில். கட்டிலில், முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டோடு படுத்திருந்தது சம்பந்தியம்மா. மகளின் மாமியார்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டுக் குளியலறைக்கு மேஸ்திரியே டைல்ஸ் போட்டுக் கொடுத்தார். பத்து நாள் கழித்து, உறவுக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், “தண்ணி ஓட்டைக்குப் போகாம மூலையிலேயே குளம் கட்டி நிக்குது சம்பந்தி” என்று அந்தம்மா சொல்லிவிட்டார். “என் வேலையை எவனும் இப்படிக் குறை சொன்னதில்ல” என்று எழுந்து வந்தவர்தான். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் மகள்தான் தூது.

அறையில் இருந்த சிகிச்சையாளர் சிரித்த முகத்துப் பெண். இவர்கள் சங்கதி தெரியாமல் இரண்டு நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டாள்.

“கையை ஊன்றாம உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருங்க. பத்து தடவை. வாய்விட்டு எண்ணணும்.”

சம்பந்தியம்மா ஆரம்பித்தார். “ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஆறு... ஏழு... ஒன்பது... பத்து!”

“எட்டு எங்க போச்சு?” மேஸ்திரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“நான் எண்ணித்தான் பண்றேன்.”

“எண்ணிக்கை பத்து வந்துடுச்சு. பண்ணினதுலதான் ஒண்ணு குறையுது.”

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்ப இனிமே நீங்க அவங்களுக்கு எண்ணுங்க. அவங்க உங்களுக்கு எண்ணட்டும்!”

அன்று ஆரம்பித்த போட்டி வீடு வரைக்கும் தொடர்ந்தது. ஒருநாள் சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

“அப்பா, இன்னைக்கு எத்தனை தடவை காலைத் தூக்கினீங்கன்னு அத்தை கேக்கச் சொன்னாங்க.”

“இருபது.”

ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போன். “அவங்க இருபத்தஞ்சாம்.”

“நான் முப்பதுன்னு சொல்லு.”

“நடுவுல நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேரும் நேராப் பேசித் தொலைங்க!” என்று வைத்துவிட்டாள்.

மூன்று மாதத்தில் மேஸ்திரி ஆறு கிலோ குறைந்தார். இரண்டாம் முறை பரிமாற வந்தால் தட்டைக் கையால் மறைக்கப் பழகிக்கொண்டார். வேலையில் சக்கரம் வைத்த குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து நகர்ந்தார். எக்ஸ்ரேயில் தேய்மானம் அப்படியேதான் இருந்தது. ஆனால் படி இறங்கும்போது வலி பெரும்பாலும் இல்லை.

சம்பந்தியம்மாவுக்குத்தான் பலன் போதவில்லை. அவர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே விற்பவர். கால்கள் இரண்டும் வில் போலக் கொஞ்சம் வெளியே வளைந்திருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை கையில் பெரிய எக்ஸ்ரே உறையோடு வந்து, பயிற்சி எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன சம்பந்தியம்மா, இன்னைக்கு வாயைத் திறக்கவே காணோம்?”

“முட்டிக்குக் கீழ எலும்பை வெட்டி, கொஞ்சம் விரிச்சு, தகடு வச்சு நிமித்தணுமாம். மூட்டை மாத்த வேண்டியதில்லையாம். இருந்தாலும் வெட்டுறாங்களே! ராத்திரியெல்லாம் தூக்கமில்ல.”

மேஸ்திரி படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை டாக்டர் ஒரு கோடு போட்டிருந்தார். கோடு முழங்காலின் நடுவில் போகாமல் உள்பக்கமாகவே இறங்கியது.

“பாரமெல்லாம் உள்பக்கமே விழுது. அங்கதான் தேய்மானம். வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு பாருங்க. காலை நிமித்தினா பாரம் இந்தப் பக்கம் மாறிடும். இது சாய்வுத் தப்பு, சம்பந்தியம்மா.” படத்தைப் பார்த்தபடியே சொன்னார். “உங்க குளியலறையில நான் பண்ணினதும் அதேதான்.”

“என்ன சொன்னீங்க?”

“மூலையில குனிஞ்சு ரசமட்டம் வச்சுப் பார்க்கணும். அன்னைக்கு முட்டி மடங்கவே இல்ல. நின்னுக்கிட்டே கண்ணால பார்த்துட்டு விட்டுட்டேன். வலின்னு சொல்ல வெக்கம். தப்பை ஒத்துக்க அதைவிட வெக்கம்.”

சம்பந்தியம்மா அவரையே பார்த்தார். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறதுன்னு சொல்வாங்க. நீங்க குளியலறைக்கும் முழங்காலுக்கும் போட்டுட்டீங்களே!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கும் அன்னைக்குக் கடையில நின்னு நின்னு கால் விண்ணு விண்ணுன்னு தெறிச்சது. அந்த எரிச்சல்லதான் அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். தனியாச் சொல்லியிருக்கலாம்.”

அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை. ஸ்ட்ரெச்சரில் உள்ளே போகும்போது சம்பந்தியம்மா டாக்டரிடம், “சாய்வை நல்லாக் குனிஞ்சு பாருங்க டாக்டர். எங்க சம்பந்தி மாதிரி நின்னுக்கிட்டே பார்த்துடாதீங்க” என்றார். வெளியே நின்ற மேஸ்திரிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கதவு மூடியதும் மூன்று மணி நேரம் உட்காராமல் தாழ்வாரத்தை அளந்ததும் அவர்தான்.

ஆறு வாரம் ஊன்றுகோல். அந்த ஆறு வாரத்தில் மேஸ்திரி ஸ்டூலை உருட்டிக்கொண்டு வந்து குளியலறைத் தரையைப் பெயர்த்து, வழுக்காத டைல்ஸ் போட்டு, சுவரில் கைப்பிடியும் பொருத்தினார். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியதும் அது நேராக ஓட்டைக்குள் ஓடியது. சம்பந்தியம்மா ஊன்றுகோலில் நின்றபடி எட்டிப் பார்த்து, “ம்” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ஐந்தாவது மாதம் கடைக்குத் திரும்பினார். முதலாளி கல்லாப் பக்கம் உயரமான ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார். “இந்த மூட்டு பத்து வருஷமோ அதுக்கு மேலயோ தாங்கலாம். உறுதி சொல்ல மாட்டேன். பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சம்பந்திகள் இருவரும் ஏரியைச் சுற்றி நடக்கிறார்கள். மகளும் மருமகனும் தூக்கக் கலக்கத்தோடு பின்னால் வருகிறார்கள். போன வாரம், ஏரியை இடமிருந்து சுற்றுவதா வலமிருந்து சுற்றுவதா என்று கரையிலேயே வாக்குவாதம் வந்துவிட்டது.

“இவங்க பேசாம இருந்தப்ப நாம ஞாயித்துக்கிழமை நிம்மதியாத் தூங்கினோம்” என்றாள் மகள்.

“மெதுவாச் சொல்லு, காதுல விழப் போகுது” என்றான் அவள் கணவன்.

காதில் விழவில்லை. மேஸ்திரி இடப்பக்கமாகவும் அந்தம்மா வலப்பக்கமாகவும், யார் முதலில் வருகிறார்கள் பார்க்கலாம் என்று ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார்கள்.