வடக்குப்பட்டில் வியாழக்கிழமை ஞாயிறு

சிவசங்கருக்கும் கலைமதிக்கும் விவாகரத்தான வருடம், ஆடி மாதத்தில், வடக்குப்பட்டில் சிவசங்கரின் வீட்டுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வியாழக்கிழமையிலேயே வந்துவிட்டது. அந்த வாரம் படப்பையில் தக்காளி விலை பாதியாக இறங்கியிருந்தது. ஊர் இரண்டு சேதியையும் ஒரே மூச்சில் பேசியது, தக்காளியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக. அடுத்த வியாழனும் அப்படியே ஆனது, அதற்கடுத்த வியாழனும். மகளோடு மணிமங்கலத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட கலைமதிக்கு இந்தச் சேதி வேலைக்குப் போகிற பஸ்ஸில்தான் கிடைத்தது. கேட்டதும் பேச்சை மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை என்று யார் பேச்செடுத்தாலும் அந்த நாட்களில் அவள் அப்படித்தான் செய்வாள்.

கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் கம்பெனி வேலை. அவன் ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் பாகங்கள் மாட்டும் லைனில். அவனுக்குப் பகல் ஷிப்டு என்றால் அவளுக்கு இரவு, அவளுக்குப் பகல் என்றால் அவனுக்கு இரவு. ஒருவர் எழுந்த பாயின் சூடு ஆறுவதற்குள் மற்றவர் அதில் படுத்தாக வேண்டும். ஒரகடம் கூட்டுரோட்டில் இரண்டு கம்பெனி பஸ்களும் சிக்னலில் எதிரெதிரே நிற்கும்போது ஜன்னல் வழியாக ஒருவரைப் பார்த்து ஒருவர் கையை ஆட்டிக்கொள்வார்கள். குடித்தனம் என்று சொன்னால் பெரும்பாலும் அதுதான். மகள் சுகப்பிரியா நடக்கப் பழகியபோதே காலடி கேட்காமல் நடக்கவும் பழகிக்கொண்டாள். அப்பா என்றால் அவளுக்குப் போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கும் இரண்டு பாதங்கள். ஆறு வருடம் இப்படி ஓடியதில், எதற்காக ஒரே சாவியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று இருவருக்குமே அலுத்துப்போனது. கோபம் என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானமாவது செய்திருக்கலாம், வெறும் அலுப்பை யாரால் சமாதானம் செய்ய முடியும் என்று கலைமதி பிற்பாடு சொன்னாள்.

கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்கள் பாதி வக்கீல்கள். புருஷன் ஒத்துக்கொண்டால் எத்தனை மாதத்தில் முடியும், ஒத்துக்கொள்ளாவிட்டால் எத்தனை வருடம் இழுக்கும், போட்டுக்கொண்டு வந்த நகையைத் திருப்பிக் கேட்கலாமா, சம்பாதிக்கிற பெண்ணுக்கு ஜீவனாம்சம் கிடைக்குமா, எல்லாவற்றுக்கும் அங்கே பதில் உண்டு. ஒரு கேள்விக்கு நாலு பதில் வரும் என்பதுதான் சங்கடம். "அஞ்சு வயசு வரைக்கும் புள்ள அம்மாகிட்டதான். அதுக்கு மேல ஜட்ஜு இன்னா சொல்றாரோ அதான்" என்று ஒருத்தி சொல்வாள், பின் சீட்டில் இருப்பவள் அதெல்லாம் கிடையாது என்பாள். கடைசியில் கலைமதி படப்பையில் வக்கீல் அமலாவைப் பார்த்தாள். அமலா நிதானமானவர். மனம் ஒத்துப் பிரிவதால் இருவரும் சேர்ந்தே மனுப் போடலாம், யோசித்துப் பார்க்க ஆறு மாதம் அவகாசம் தருவார்கள், அப்பாவின் உரிமை அம்மாவின் உரிமை என்பதைவிடப் பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் கோர்ட்டு பார்க்கும் என்று பொறுமையாக விளக்கினார். அந்த ஆறு மாதத்திலும் உட்கார்ந்து பேசி யோசிக்க இருவருக்கும் ஷிப்டு இடம் கொடுக்கவில்லை.

உத்தரவு போடும் நாளன்று சிவசங்கர் இரவு ஷிப்டு முடித்து நேரே கோர்ட்டுக்கு வந்திருந்தான். கலைமதிக்கு மதிய ஷிப்டு. பஸ்ஸை விட்டால் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளை அம்மாவிடம் இருக்கும், ஞாயிறுதோறும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அப்பாவிடம் இருக்கும், சம்மதமா என்று நீதிபதி அம்மாள் கேட்டார். அவன் அரைத் தூக்கத்தில் சம்மதம் என்றான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே சம்மதம் என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய லைன் நிற்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். முழித்திருக்கும் மகளை முழித்திருக்கும் கண்ணால் அவள் பார்ப்பதும் அந்த ஒரு நாள்தான். வடக்குப்பட்டில் தூங்கி எழுந்த சிவசங்கருக்கும் ஏறக்குறைய அதே நேரத்தில் உறைத்திருக்கும்: பிரஸ் ஷாப் ஞாயிற்றுக்கிழமை ஓடும், அவனுக்கு வார லீவு வியாழன். இரண்டு பேருக்கும் ஆகாத ஒரு கிழமையை இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு வந்திருந்தார்கள். ஷிப்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்யமாட்டார்கள்.

முதல் ஞாயிறு அவன் லீவு போட்டு வந்து பிள்ளையைக் கூட்டிப்போனான். அன்றைக்கு முழுக்கக் கலைமதி துவைத்த துணியையே திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த ஞாயிறுகளுக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் பால்கோவா பொட்டலத்தோடு மணிமங்கலத்தில் கேட்டருகே வந்து நின்றான்.

"ஆர்டர்ல ஞாயித்துக்கெழமன்னுதான் கீது" என்றாள் கலைமதி.

"அன்னிக்கு எனுக்கு டூட்டி, மதி. உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினாள். அந்த உத்தரவில் ஒருமுறை கைவைத்தால் அவன் இன்னும் என்னென்ன கேட்பானோ என்று பயம். அண்ணன் வசந்தகுமாருக்கு அவள் செய்தது பிடித்திருந்தது. "வராத நாளையெல்லாம் நெனப்புல வெச்சிக்கோ. அதையே சொல்லி ஆர்டர கேன்சல் பண்ணிடலாம்" என்றான். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்காதபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, மடியில் போட்டுத் துவட்டும்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

இந்த நிலைமையில்தான் சிவசங்கரின் வீட்டில் கிழமை மாறியது. பக்கத்து வீட்டு ராஜம்மாதான் முதலில் பார்த்தது. இரவல் வாங்கிய அண்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போன அம்மாள், வாசற்படியைத் தாண்டியதும் கைப்போனில் வியாழன் ஞாயிறாக மாறியதைக் கண்டார். டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சர்ச்சு ஒலிபெருக்கி கேட்டது. வெயில்கூடச் சோம்பலாகத்தான் விழுந்தது. படியைத் தாண்டி வெளியே வந்தால் லாரி ஹாரனும் ஷிப்டு பஸ்ஸும் பழைய வியாழனும். வியாழக்கிழமை கவிச்சியைக் கையால் தொடாத ராஜம்மா அன்று மதியம் மீன்குழம்புச் சட்டியோடு வந்து அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மனநிறைவாகச் சாப்பிட்டார். வார லீவே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிகள் இரண்டொருவர் வந்து சுவரோரம் படுத்துத் தூங்கிவிட்டுப் போனார்கள். சிவசங்கர் யாரையும் தடுக்கவில்லை. பதிலுக்கு நிஜ ஞாயிறன்று அந்த வீட்டில் வியாழன் நடந்தது. ஞாயிறின் சோம்பல் இல்லாததால் வேலைக்குக் கிளம்ப அது அவனுக்குத் தோதாகவே இருந்தது.

தன் வீட்டில் வியாழக்கிழமையே ஞாயிறாக இருப்பதால் உத்தரவுப்படி அன்றைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று அவன் மனுப் போட்டான். வசந்தகுமார் விழுந்து விழுந்து சிரித்தான். கலைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. நீதிபதி அம்மாளும் சிரிக்கவில்லை; சத்தியம் செய்து சொல்லப்பட்ட எத்தனையோ பெரிய விஷயங்களை அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர். வீட்டைப் பார்த்துவர வனமாமலை என்ற வயதான வக்கீலைக் கோர்ட்டுக் கமிஷனராக அனுப்பினார். வேண்டாத ஒரு சொல்கூட எழுதாதவர் என்று பெயர் வாங்கியவர் அவர். படிக்கு இந்தப் பக்கம் வியாழன், அந்தப் பக்கம் ஞாயிறு, இரண்டையும் பலமுறை ஏறி இறங்கிச் சரிபார்த்தேன் என்று அறிக்கை கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மனுதாரர் வீட்டில் தன்னையறியாமல் கண்ணயர்ந்துவிட்டதையும் கோர்ட்டுக்குத் தெரிவித்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை, பள்ளி விட்டதும், சோதனைக்காகப் பிள்ளையை அங்கே அனுப்பச் சொன்னார்கள். மறுநாள் நீதிபதி சுகப்பிரியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு சாக்லேட்டைக் கொடுத்து, அப்பா வீட்டுக்குப் போக உனக்கு இஷ்டமா என்று கேட்டார்.

"அங்க அப்பா முழிச்சிக்கினு கீறாரு, மேடம்" என்றாள் பிள்ளை.

அமலா வெளியே வந்து இதைச் சொன்னபோது கலைமதி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். மகள் அப்பாவுக்கு ஏங்குவாள் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. பார்க்காத ஒருவருக்காக யார் ஏங்குவார்கள் என்று இருந்துவிட்டாள். உத்தரவில் கிழமை என்பது அந்தந்த வீட்டில் நிலவும் கிழமையையே குறிக்கும் என்று நீதிபதி தீர்ப்பெழுதினார். அப்பீல் போகலாமா என்று வசந்தகுமார் துள்ளினான். "வேணாண்ணா, வுட்டுடு" என்றாள். மணிமங்கலத்து ஞாயிறு அவளுக்கே மிஞ்சியது. அந்த ஆறுதலை அவள் மறைக்கவும் இல்லை.

பள்ளி முடிந்துதான் பிள்ளை போக முடியும் என்பதால் ஒரு நாள் முழுக்கக் கிடைக்காதே என்று சிவசங்கர் கவலைப்பட்டான். கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. சாயங்காலம் அவள் புத்தகப் பையோடு படியேறும்போது உள்ளே காலைப் பொழுதுதான் ஆகியிருக்கும். இட்லி, கறி, படம், மதியத் தூக்கம், பரமபதம் எல்லாம் முடித்து அவள் வெளியே வந்தால் ஊரில் அப்போதுதான் விளக்கு வைத்திருப்பார்கள். இப்படி வாரத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வாழ்ந்ததில் சுகப்பிரியா வகுப்புப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் வளர்ந்தாள். பாவாடைகள் முன்னதாகவே குட்டையாயின. சிவசங்கருக்கும் காதோரம் முன்னதாகவே நரைத்தது. பள்ளியில் டீச்சர் கேட்டபோது கலைமதி விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த தடவை தைக்கும்போது மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னார். வருடங்கள் போயின. வடக்குப்பட்டைச் சுற்றிப் புதிதாகக் காம்பவுண்டுச் சுவர்கள் எழும்பின. பகல் ஷிப்டு வாரங்களில் வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டியில் மகளைக் கொண்டுபோய் விடுவதும், கேட்டுக்கு வெளியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதும் கலைமதிக்குப் பழக்கமாயின.

போன வருடம் அவளுடைய கம்பெனிக்கு ஆர்டர் குவிந்தது. லைன் இனிமேல் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் என்றார்கள். அவளுக்கு வார லீவு செவ்வாய் என்று விழுந்தது. செவ்வாய்க்கிழமை மகளுக்குப் பள்ளி, பிறகு டியூஷன், பிறகு தூக்கம். பஸ்ஸில் கேட்டுப் பார்த்தாள். கம்பெனி மேல் கேஸ் போட முடியுமா என்பதற்கும் நாலு பதில் வந்தது. மணிமங்கலத்து வீட்டுக்கு யாராவது கிழமையை மாற்றிக் கொடுப்பார்களா என்று இரண்டு மாதம் காத்திருந்தாள். படியில் நின்று கைப்போனைப் பார்ப்பாள். உள்ளேயும் செவ்வாய்தான், வெளியேயும் செவ்வாய்தான். மகள் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அவளுக்குக் கணக்கு வராது, பாட்டு வரும், கூட்டாளிகள் இன்னார் என்பதெல்லாம் கலைமதிக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை பகல் ஷிப்டு முடித்து மகளை வடக்குப்பட்டில் இறக்கிவிட்டவள், வண்டியைத் திருப்பவில்லை. கால் ஊன்றி அப்படியே நின்றாள். கேட்டுக்கு உள்ளே வெயில் காலை வெயிலாக இருந்தது. அவள் நின்ற இடத்தில் அது சாய்ந்துகொண்டிருந்தது.

சிவசங்கர் படிக்கு வந்து பார்த்தான். கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று கலைமதிக்குத் தெரியும். இவனைக் கேட்டோடு திருப்பி அனுப்பியவளே அவள்தான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"எனுக்கு ஞாயித்துக்கெழம போயிடுச்சி" என்றாள்.

"சுகா சொல்லிச்சி. உள்ள வா."

"ஆர்டர்ல இது உன் நாளுன்னுதான் கீது."

"நீ வரக் கூடாதுன்னு இன்னா எழுதியா கீது? வா மதி, கறி வாங்கியாந்து வெச்சிகீறேன், ரெண்டு பேருக்கு ஜாஸ்திதான்."

அவன் விட்டுக் கொடுப்பது எது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மகளோடு அவன் தனியாக இருக்கும் ஒரே நாள் அது. கலைமதி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். உள்ளே காலை மணி என்னவோ ஆகியிருந்தது. மகளுக்குத் தலை பின்ன வேண்டும், பாடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நினைத்து வந்தவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். பல வருடத்துத் தூக்கம். திடுக்கிட்டு எழுந்தபோது பக்கத்தில் சுகப்பிரியா கவிழ்ந்து படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். சிவசங்கர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். நாளே போய்விட்டது என்று கலைமதிக்கு அழுகை முட்டியது.

"ஐயோ, எழுப்பக் கூடாதா? பொழுது போயிடுச்சா?"

"இன்னும் கீது" என்றான் அவன். "நீ எழுந்திருக்கணும்னு நிக்குது."

அன்றைக்குக் கலைமதி மகளுக்குத் தலை பின்னினாள், பாட்டுக் கேட்டாள், கணக்கில் எங்கே தப்புகிறது என்று பார்த்தாள், மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முடியும்வரை வெயில் கூடத்தை விட்டு நகரவில்லை. அதன்பின் வியாழனுக்கு மட்டும் பகல் ஷிப்டாக மாற்றி வாங்கிக்கொண்டு வாரந்தோறும் அவள் போனாள். விவாகரத்து செல்லாமல் போய்விடுமா என்று பஸ்ஸில் பெரிய சர்ச்சை நடந்தது. விவாகரத்தானவர்கள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவும் தடையில்லை, செய்துகொள்ளாமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவும் தடையில்லை என்று அமலா சொல்லிவிட்டார். அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேர்ந்திருக்க அவர்களுக்கு அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது. மற்ற நாட்களுக்கு விவாகரத்தும் வேண்டியிருந்தது. ஆறாவது மாதத்திலிருந்து வசந்தகுமாரும் இதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். வியாழக்கிழமை சாயங்காலம் மணிமங்கலத்தில் யாராவது வந்து கலைமதியைக் கேட்டால், பைப்பில் தண்ணீர் பிடித்தபடியே அவன் பெண்டாட்டி பதில் சொல்வாள்: "அது ஞாயித்துக்கெழமைக்குப் போயிகீது. இப்ப வந்துடும், உக்காருங்க."