சோப்பு டப்பா மணி

வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, எங்களைக் கூப்பிட அப்பாவிடம் மிஞ்சியவை ஒரு ஸ்பூனும் ஒரு டம்ளரும்தான். கொல்லைக் குழாய் திறந்திருந்தால் அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்காது.

“முப்பது வருஷம் பஸ் ஓட்டி, ஊரையே ஹார்ன் அடிச்சு விரட்டின மனுஷன். இப்ப ஸ்பூன்ல வந்து நிக்குது,” என்பாள் அம்மா. அப்பா பாதி வாயால் சிரிப்பார். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றால் மட்டும் சிரிப்பு இருக்காது. இரண்டு தட்டு, வேகமாக.

மாலை வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நான் அவருக்கு ஒரு மணி செய்தேன். சோப்பு டப்பாவுக்குள் சர்க்யூட், மூடியில் உலோகப் பொத்தான். அமுக்கினால் சமையலறையிலும் கொல்லையிலும் அடிக்கும்.

வகுப்பு மாஸ்டர் டப்பாவை வாங்கிச் சட்டைக் கையில் தேய்த்து, காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தார். அவை தாவி ஒட்டிக்கொண்டன.

“பாத்தியா தம்பி? அழகா வீட்டக் கட்டி இடிய உள்ள குடிவெச்சிருக்க. காத்து காஞ்சு கெடக்கு. நைலான் போர்வைக்குள்ளருந்து ஒங்கப்பா வெரல நீட்டுனா பொறி பாயும். நமக்கு எறும்புக்கடி, சிப்புக்கு எமன். உள்ள அலுமினியத் தாள் ஒட்டு. அடித்தாளும் மூடித்தாளும் பேட்டரி மைனஸோட சேரணும். மீட்டர் வெச்சுப் பாத்துக்கோ, சேந்திருந்தா கத்தும். தொட்ட மாதிரியே இருக்கும், தொட்டிருக்காது.”

பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். என்னை நம்பாததால்தான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி டிக் போடுகிறேன். ஏழாவது வரி: ‘மூடித்தாள், மைனஸ், மீட்டர்.’ அன்று பசை ஈரமாக இருந்தது. காய்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பக்கம் அரைகுறையாக நிற்கப் பிடிக்காமல் டிக்கை மட்டும் முன்னாலேயே போட்டுவிட்டேன்.

முதல் நாள் அப்பா பதின்மூன்று முறை அமுக்கினார்.

“ஐயோ, ஹார்ன் திரும்பி வந்துடுச்சு! இனிமே என்னை உக்காரவே விடமாட்டார்,” என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஸ்பூனையும் டம்ளரையும் நானே சமையலறைக்கு எடுத்துப் போனேன்.

நான்காம் நாள் வகுப்பு முடிந்து வந்தபோது, நனைந்த விரிப்போடு அம்மா எதிரே வந்தாள்.

“மணியே அடிக்கலடா. கொல்லையில துவைச்சிட்டிருந்தேன். உள்ள வந்து பாத்தா அமுக்கிட்டே இருக்கார்.”

அப்பாவின் கட்டைவிரல் இன்னும் பொத்தான்மேல் இருந்தது. முகம் சுவரைப் பார்த்திருந்தது.

டப்பாவைத் திறந்தேன். மூடித்தாளுக்கும் கம்பிக்கும் நடுவே பசை கண்ணாடிபோல் காய்ந்திருந்தது. மீட்டர் கத்தவில்லை. சிப் செத்திருந்தது.

மறுநாள் புது சிப் வைத்தேன். பசையைச் சுரண்டி, கம்பியைத் தாளோடு இறுக்கினேன். மீட்டர் கத்தியது. கையைப் போர்வையில் தேய்த்துத் தேய்த்து இருபது முறை பொத்தானைத் தொட்டேன். பொறி பறந்தது, மணி ஒவ்வொரு முறையும் அடித்தது.

“அப்பா, ஒரே ஒரு தடவ அமுக்கிப் பாருங்கப்பா.”

அவர் டப்பாவைப் பார்க்கவில்லை. இடது கை முக்காலியின்மேல் எதையோ துழாவியது.

“அந்த ஸ்பூனையும் டம்ளரையும் கொண்டுவந்து குடுத்துடுடா,” என்றாள் அம்மா.

கொடுத்தேன். இரண்டு தட்டு, வேகமாக. ஆளுக்கொரு பக்கமாக அவரைத் தூக்கினோம். போர்வை சரிந்து, டப்பா அதோடு உரசிக்கொண்டே தரைக்குப் போனது. இனி அதற்கு ஒன்றும் ஆகாது.