முழுவதும் செலவிடப்பட்டது

ராணுவத்துக்கான பட்ஜெட் எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எனக்கு உற்சாகம் வந்துவிடும். நிதித்துறையில் அந்தப் பிரிவில்தான் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். என் தம்பி ராணுவத்தில் லாரி ஓட்டுகிறவன். லீவில் வந்தால், "எங்க வண்டிக்குப் போடுற கிரீஸ்கூட உன் மேஜையைத் தாண்டித்தான் வருதாமே அக்கா. கொஞ்சம் தாராளமா ஒதுக்கினா என்னவாம்?" என்று என்னைச் சீண்டுவான்.

விஷயம் ஒன்றும் சிக்கலில்லை. அடுத்த வருடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று படைப்பிரிவுகள் எழுதி அனுப்பும். நாங்கள் அதைச் சரிபார்த்து வெட்டுவோம். வெட்டியது அமைச்சரவைக்குப் போய், நாடாளுமன்றத்துக்குப் போய், ஒரு பிற்பகலில் எல்லோரும் கை தூக்கியதும் பணமாகும். அந்தப் பணம் ஒவ்வொன்றும் ஒரு தலைப்பின் கீழ் இருக்கும். வண்டி வாங்க ஒரு தலைப்பு, வாங்கிய வண்டியைப் பராமரிக்க வேறொன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. நிதியாண்டின் கடைசி நாள் மாலைக்குள் செலவாகாதது அரசாங்கத்துக்கே திரும்பிவிடும்.

எழுதப்படாத விதி ஒன்றும் உண்டு. நாங்கள் கால்வாசி வெட்டுவோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் முந்நூறு வேண்டியவர்கள் நானூறு கேட்பார்கள். நாங்கள் நூறை வெட்டுவோம். வெட்டினோம் என்று எங்களுக்குத் திருப்தி, வேண்டியது வந்தது என்று அவர்களுக்குத் திருப்தி. இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் மலைச்சாலைப் பிரிவுக்குப் புதிதாக ஒரு சப்ளை ஆபிசர் வந்தார். வாத்தியார் என்று நாங்கள் பெயர் வைத்தோம், ஏனென்றால் மனிதர் ஒவ்வொரு லாரியின் அடியிலும் படுத்துப் பார்த்துக் குறிப்பு எழுதியிருந்தார். பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, குழாயில் விரிசல் உண்டா, கடைசியாக எப்போது மாற்றியது. இருநூற்று நாற்பது லாரிகள், இருநூற்று நாற்பது பக்கங்கள். கோரிக்கை: இருநூற்று நாற்பது பிரேக் செட்.

இப்படி ஒரு ஃபைலை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மூன்று நாள் ரசித்துப் படித்தேன். நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது ஒரு போன். "முந்நூத்தி இருபதுன்னு மாத்தி அனுப்புங்க சார்" என்று சொன்னால் முடிந்தது. அதைச் செய்யவில்லை. இத்தனை சுத்தமான கணக்கைப் பொய்யாக்க எனக்கு மனசு வரவில்லை. 'துல்லியமான கோரிக்கை; வெட்டத் தேவையில்லை' என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன்.

மேலே இருந்த அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. ஃபைலைத் திறக்காமலே என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒருத்தனை வெட்டாம விட்டா மத்தவன் சும்மா இருப்பானா? நாளைக்கு எல்லாரும் இந்த மாதிரி மூட்டை மூட்டையா அனுப்புவான். யாரு படிக்கிறது, நீயா?"

"படிப்பேன் சார்."

"நீ படிப்ப. உனக்குப் பைத்தியம். எனக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டையர்மென்ட்."

நூற்று எண்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நூற்று எண்பதையும் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் முகாமிலிருந்து ஆரம்பித்துக் கொடுத்துக்கொண்டே போவது வழக்கம். தீரும்போது தீரும். மலை உச்சியில் இருந்த கடைசி முகாமின் அறுபது லாரிகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. என் தம்பி அந்த முகாமில்தான் இருந்தான்.

"பெடலை மிதிச்சா கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் பிடிக்குது அக்கா," என்றான் போனில். "ஏறும்போது நான் ஓட்டறேன். இறங்கும்போது சாமி ஓட்டறாரு."

நான் சிரிக்கவில்லை. வருடத்தின் நடுவில் கூடுதல் பணம் கேட்க ஒரு வழி உண்டு. துணை மானியக் கோரிக்கை என்போம். அந்த அறுபது லாரிகளுக்காக மட்டும் ஒரு ஃபைல் தயாரித்தேன். அது எந்த மேஜையில் தூங்கினாலும் நானே போய் எழுப்பினேன். ஏழு மாதம் ஆனது. நாடாளுமன்றம் கை தூக்கி, பணம் வாத்தியாருக்குப் போய்ச் சேர்ந்த அன்று நிதியாண்டு முடியப் பதினெட்டு நாள் இருந்தது.

மறுநாளே வாத்தியார் பேசினார். "மேடம், பணம் வந்துருச்சு. பிரேக் செட் வர மூணு மாசம் ஆகும்கிறான் கம்பெனிக்காரன். சரக்கு வராம பணம் கொடுக்கக் கூடாதுன்னு உங்க விதி. நான் என்ன பண்ணட்டும்?"

"திருப்பி அனுப்பிடுங்க சார். புது வருஷத்துல மறுபடி கேக்கலாம்."

"திருப்பினா, 'கொடுத்ததையே செலவு பண்ணத் துப்பில்லை'ன்னு அடுத்த வருஷமும் வெட்டுவீங்க. வெட்ட மாட்டீங்களா?"

வெட்டுவோம். அந்த வாக்கியத்தையே கொஞ்சம் மரியாதையாக எத்தனையோ ஃபைல்களில் நான் எழுதியிருக்கிறேன். அதனால் அதே தலைப்பின் கீழ், பதினெட்டு நாளுக்குள் கடையில் கிடைக்கக்கூடியதாக எது உண்டோ அதை வாங்கினார்கள். பெயின்ட் கிடைத்தது. அறுபது லாரிகளுக்கும் அடித்தார்கள்.

கடைசி நாள் சான்றிதழை நான்தான் எழுதினேன். 'மேற்படி அறுபது வாகனங்களின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட தொகை முழுவதும் அந்த வாகனங்களின் பராமரிப்புக்கே செலவிடப்பட்டது.' அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. கீழே என் கையெழுத்து.

"வண்டி மாப்பிள்ளை மாதிரி இருக்கு அக்கா," என்றான் தம்பி.

"பிரேக்?"

"மாப்பிள்ளைக்கு எதுக்கு பிரேக்?"

"விளையாடாதடா. புதுப் பணம் வந்ததும் முதல் ஆர்டர் உங்களுக்குத்தான். நாலு மாசம் பொறுத்துக்கோ. மெதுவா ஓட்டு."

ஏழு வாரம் பொறுத்தான். ஒரு காலை, எட்டு வீரர்களுடன் இறங்கும்போது மூன்றாவது வளைவில் லாரி நிற்கவில்லை. இரண்டு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். தம்பி கதவோடு பிய்ந்து பாறையில் விழுந்ததால் இடுப்பெலும்பு உடைந்து உயிர் மட்டும் மிஞ்சியது. லாரி பள்ளத்தில் எரிந்துபோனது. சோதித்துப் பார்க்க எதுவும் இல்லை.

விசாரணைக் குழு முதலில் கேட்கிற கேள்வி, வாகனம் பராமரிக்கப்பட்டிருந்ததா என்பது. நான் அந்தக் குழுவில் இருந்திருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். அதற்கு ஆவணம் இருந்தது. என் சான்றிதழை இணைப்பாக வைத்து, வாகனத்தில் குறையில்லை, ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று முடித்திருந்தார்கள். தம்பிக்கு வேலை நீக்கம். ஓய்வூதியம் கிடையாது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அதே அறிக்கை போயிற்று.

பெயின்ட் பில்லை எடுத்துக்கொண்டு கத்தரியிடம் போனேன்.

"பில்லுல என்ன தலைப்பு போட்டிருக்கு?" என்றார்.

"வாகனப் பராமரிப்பு."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. "அப்புறம் நான் என்னம்மா செய்ய முடியும்?" என்றார்.

குழுவுக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பது பக்கம். எப்படிக் கேட்கிறோம், எப்படி வெட்டுகிறோம், பிரேக்குக்கு வந்த பணம் எப்படி பெயின்ட் ஆனது என்று ஒரு கண்ணியும் விடாமல் விளக்கினேன். வாத்தியாரின் இருநூற்று நாற்பது பக்கங்களில் தம்பியின் லாரிக்குரிய பக்கத்தையும் சேர்த்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே தெளிவானது அதுதான்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. சான்றிதழ் வழங்கிய அதிகாரி சம்பந்தப்பட்ட ஓட்டுநரின் உடன்பிறந்த சகோதரி என்று தெரியவருவதால், சான்றிதழுக்கு மாறாக அவர் இப்போது கூறுவதை ஏற்பதற்கில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பிக்கு அதைப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னான்.

"இது சரியா அக்கா?"

"விதிப்படி சரிதான்டா. சொந்தக்காரங்க சொல்றதை எடுத்துக்க முடியாது. எடுத்துக்கிட்டா என்ன ஆகும்னா..."

விளக்க ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன்.

"நான் மிதிச்சேன் அக்கா. ரெண்டு காலாலயும் மிதிச்சேன்."

"தெரியும்டா."

"உனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றான். கோபமாகக்கூட இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.