படகுக்கு அரை மணி

திமிங்கிலங்களைத் துன்புறுத்தாமல் பார்ப்பது எப்படி என்று பதினான்கு அம்சங்களில் எழுதி, லேமினேட் செய்து, எல்லாப் படகுகளிலும் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார் படகுச் சங்கத் தலைவர். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே இருக்கும். பயணிகள் வேறு எங்கேயும் அவ்வளவு ஊன்றிப் படிப்பதில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

ஆறாவது அம்சத்தின் மேல் அவருக்குத் தனிப் பாசம். ஒரு நேரத்தில் ஒரு படகுதான். ஒரு படகுக்கு அரை மணிதான். நூறு மீட்டருக்குள் போகக் கூடாது. முன்பெல்லாம் ஒரே திமிங்கிலத்தைப் பத்துப் படகுகள் மொய்க்கும். அந்தக் காட்டுமிராண்டித்தனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் அவர். வைத்த கையோடு ஏழாவதையும் எழுதினார்: அடுத்த படகு வந்து சேரும்வரை, நிற்கிற படகு நகரக் கூடாது. கண்ணை விட்டு மறைந்தால் மறுபடி தேட வேண்டும். படகுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் திமிங்கிலத்துக்குத்தானே தொந்தரவு? ஆகவே காலை ஏழு மணிக்கு முதல் படகு கண்டுபிடித்ததை, மாலை ஆறு மணிக்குக் கடைசிப் படகு கைவிடும்வரை, ஷிஃப்ட் மாறும் நர்ஸுகளைப் போலப் பொறுப்பாகக் கைமாற்றிக்கொண்டார்கள். எந்தப் படகும் அரை மணிக்கு மேல் நின்றதில்லை. திமிங்கிலம்தான் பதினோரு மணி நேரம் நின்றது.

தலைவருடைய மச்சினியை எல்லோரும் 'நிதானம்' என்று கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் படகில் கயிறு வீசினாள், தளம் கழுவினாள், பயணிகள் வாந்தி எடுக்கப் பை நீட்டினாள். ஆறு மாதத்துக்கு முன்புதான் சுக்கான் பிடிக்க அவளுக்கு அட்டை கிடைத்தது. சங்கம் கொடுக்கும் அந்த அட்டையில், நெறி தவறினால் தலைவர் தன் கையாலேயே பஞ்சிங் மெஷினால் ஓட்டை போடுவார். மூன்று ஓட்டை விழுந்தால் அட்டை போச்சு. அவள் அட்டையில் ஏற்கெனவே இரண்டு. ஒன்று, அடுத்த படகு வருவதற்கு நாலு நிமிஷம் முன்பே கிளம்பியதற்கு. மற்றொன்று, "நாம வர்றது அதுங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்ட ஒரு பயணியிடம் "தெரியலீங்க" என்று சொன்னதற்கு.

"இன்னும் ஒண்ணு விழுந்தா நீ திரும்ப வாந்திப் பைதான், பாத்துக்கோ. உங்கக்கா முகத்துக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கேன்" என்று தலைவர் சொல்லியிருந்தார்.

"அக்கா முகத்தை இருபது வருஷமாப் பொறுத்துட்டுத்தானே இருக்கீங்க அத்தான், இது என்ன பெருசு" என்றாள் நிதானம்.

அன்றைக்கு அவள் படகில் ஒரு நடுவர் ஏறினார். பொறுப்பான கடற்பயணத்துக்கு விருது கொடுக்கும் அமைப்பிலிருந்து வந்தவர். கழுத்தில் தொலைநோக்கி, கையில் படிவம், காதுக்குப் பின்னால் பென்சில். பெண் சுக்கான் பிடித்தால் புகைப்படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று தலைவர்தான் இந்தப் படகைத் தேர்ந்தெடுத்திருந்தார். அவரும் கூடவே ஏறி, கரை மறைவதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"நாம் பார்க்க வந்தவர்கள் அல்ல, பணிந்து நிற்க வந்தவர்கள்" என்று தொடங்கினார். பின்வரிசையில் ஒருவர், "உட்கார்ந்து பாக்கலாம்னுதானே சொன்னாங்க?" என்று மனைவியிடம் கவலையாகக் கேட்டார்.

அன்றைய கைமாற்றல் ஒரு தாயும் குட்டியும். காலையிலிருந்து எட்டுப் படகுகள் பார்த்து முடித்திருந்தன. பதினொரு மணிக்கு நிதானம் ஒன்பதாவதாகப் போய் நின்றாள். நூறு மீட்டர், அணுவளவும் பிசகவில்லை. பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கைப்பேசிகளை உயர்த்தினார்கள்.

அவளுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பால் கொடுக்கும் தாய் மரக்கட்டை போல அசையாமல் கிடக்கும். குட்டி ஒரு பக்கம் முங்கி மறுபக்கம் எழும். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை பார்த்தவள். இங்கே தாய் நகர்ந்துகொண்டே இருந்தது. அது நகர, நூறு மீட்டரைக் காப்பாற்ற இவளும் நகர, இவள் நகர்வதால் அது மறுபடி நகர்ந்தது. குட்டி தாயின் விலாவில் ஓயாமல் முட்டியது. ஒவ்வொரு முட்டலும் முந்தியதைவிடச் சோர்வாக இருந்தது.

ரேடியோவை எடுத்து, முந்தைய படகை ஓட்டியவரிடம் கேட்டாள். "அண்ணே, குட்டி பால் குடிச்சுதா?"

"என்னைக் கேட்டா? நான் என்ன அதுக்குத் தாய்மாமனா?"

அதற்கு முந்தியவரும் பார்க்கவில்லை. அவரவர் அரை மணியில் குடிக்கவில்லை. மற்றவர் அரை மணியில் குடித்திருக்கும் என்று எட்டுப் பேரும் நினைத்திருந்தார்கள்.

நிதானம் எஞ்சினை அணைத்தாள். படகு காற்றின் போக்கில் மெல்ல விலகியது. நாலைந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாய் நின்றது. முதுகு நீரில் அப்படியே கிடந்தது. குட்டி மூச்சு விட்டு, தலையைத் தாழ்த்தி, அடியில் போனது.

சுக்கான் அறைக் கதவு திறந்தது. "என்ன பண்ற? நூத்தி அறுபது மீட்டர் ஆயிருச்சு! நடுவருக்குப் புள்ளி மாதிரி தெரியுது" என்றார் தலைவர்.

"அத்தான், இப்பத்தான் குட்டி வாய் வைக்குது. ஒரு பத்து நிமிஷம்."

"அது வீட்டு விஷயம். நமக்கெதுக்கு?" என்று கையை நீட்டி அவரே எஞ்சினைப் போட்டு, படகை நூறு மீட்டருக்குக் கொண்டுவந்தார். தாய் உடனே புரண்டு நகர்ந்தது. குட்டி வெறும் வாயோடு மேலே வந்தது. தளத்தில் கைதட்டல் எழுந்தது, கிட்டத்தில் தெரிகிறதல்லவா.

அரை மணி முடியும் நேரத்தில் ரேடியோவில் மொட்டையின் குரல். பத்தாவது படகு அவருடையது. "நிதானம், கிட்ட வந்துட்டேன். எங்க இருக்கு?"

தலைவர் மைக்கோடு தளத்துக்குத் திரும்பியிருந்தார். அட்டை சட்டைப்பையில் இருந்தது. துணிக்கு மேலேயே அந்த இரண்டு ஓட்டைகளும் அவள் விரலுக்குத் தெரிந்தன.

"போயிருச்சுண்ணே. முங்கிருச்சு. தெற்கால மூணு மைல் போய்ப் பாருங்க" என்றாள். சுக்கானைத் திருப்பி, படகைக் கரைப் பக்கம் விட்டாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். தாய் நின்றிருந்தது.

அறை வாசலில் நடுவர் நின்றிருந்தார். தண்ணீர் கேட்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"அது போகலையேம்மா?"

"போகலீங்க. பசியா இருக்கு. காலையிலேருந்து ஒன்பது படகு. ஒரு மணி நேரம் யாரும் இல்லாம இருந்தா குடிச்சிரும்."

நடுவரின் முகம் இளகியது. நல்ல மனுஷர், கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. படிவத்தை மேலிருந்து கீழே தேடினார். மறுபக்கம் திருப்பியும் தேடினார்.

"உங்க மனசு புரியுதும்மா. ஆனா அதுக்குக் கட்டம் இல்லையே. தகவல் பரிமாற்றத்துல நேர்மைன்னு ஒண்ணு இருக்கு. அதுலதான் கை வைக்க வேண்டியிருக்கு" என்று சொல்லி, காதுக்குப் பின்னாலிருந்து பென்சிலை எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், நேர்மையானவர் என்பதால், தலைவரைக் கூப்பிட்டு விவரத்தையும் சொன்னார்.

தலைவர் கத்தவில்லை. விருந்தாளி முன்னால் கத்துகிறவர் அல்ல. புன்னகையோடு கையை நீட்டினார்; நிதானம் அட்டையைக் கொடுத்தாள். பஞ்சிங் மெஷின் ஒரு தடவை கடித்தது. விழுந்த வட்டத்தை நடுவர் பொறுக்கி, கடலில் போகாமல் குப்பைத் தொட்டியில் போட்டார். அதற்குப் படிவத்தில் கட்டம் இருந்தது.

"தப்பு எங்க நடந்தாலும், சொந்தக்காரங்களா இருந்தாலும், உடனே நடவடிக்கை" என்றார் தலைவர். நடுவர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரிக்கே விருது வந்துவிடும்போல் இருந்தது.

சுக்கானைத் தலைவரே பிடித்தார். படகு திரும்பியது. ரேடியோவில் மொட்டையை அழைத்தார். "அங்கேயே இருக்குய்யா. பொம்பளை பேச்சைக் கேட்டு எங்க ஓடற? வா, வந்து வாங்கிக்கோ."

வாந்திப் பையை எடுத்துக்கொண்டு நிதானம் தளத்துக்குப் போனாள். முன்வரிசை அம்மாள் ஒருத்தி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்மா, அந்தக் குட்டி ஏன் அம்மாவை இடிச்சுக்கிட்டே இருக்கு?"

"பசிங்கம்மா."

"எங்களுக்குந்தான்!" என்றது பின்வரிசை. படகே குலுங்கச் சிரித்தது. அறையிலிருந்து மைக்கில் தலைவர் குரல் வந்தது: "கொஞ்சுதும்மா! தாய்ப்பாசம். படம் எடுத்துக்குங்க, அடுத்த படகு வந்தாச்சு."

மொட்டையின் படகு வேகத்தைக் குறைத்து, சரியாக நூறு மீட்டரில் வந்து நின்றது. குட்டி இன்னும் ஒரு முறை முட்டியது. அதன் பிறகு முட்டவில்லை. தாயின் பக்கத்தில் சும்மா மிதந்தது. அந்தப் படகின் பயணிகளுக்கு அசையாத குட்டியைப் படம் எடுக்க வசதியாக இருந்தது.